வலது முன்னங்கால்

அந்தக் குதிரையை ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டு முடித்துவிடப் போகிறார்கள் என்று எனக்குச் சொன்னவள், எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்துக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறாள். அவள் கணவர் யமுனைக் கரையோரம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் சைஸ். குதிரைகளுக்குத் தீனி வைப்பது, உடம்பு தேய்த்துவிடுவது, லாயம் கூட்டுவது எல்லாம் அவர் வேலை.

"டாக்டரம்மா, எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா சோறே துன்னல. அந்தப் பொட்டக் குதிர இருக்குது இல்ல, செவப்பு? அதுக்குக் கால் போயிடுச்சாம். வலி தாங்காம நிக்குதாம். கொன்னுடறதுதான் புண்ணியம்னு மொதலாளி சாப் சொல்லிட்டாராம்."

"கால் ஒடிஞ்சிருச்சா?"

"ஒடியல. யமுனா வெள்ளம் வந்துச்சே, அப்ப எல்லாத்தையும் மேட்டுக்கு ஓட்டினப்ப சேத்துல கெடந்த தகரம் கிழிச்சிடுச்சு. உள்ள சீழு வெச்சி, இப்ப சீழு கொறஞ்சிடுச்சின்றாரு டாக்டரு. ஆனா வலி அடங்கல."

சீழ் குறைந்துவிட்டது, ஆனால் வலிக்கிறது என்பதால் கொல்லப் போகிறார்கள். இந்த வாக்கியம் எனக்குள் எங்கோ போய் உரசியது. நான் மயக்க மருந்து டாக்டர். தில்லியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான் பார்த்தேன். பிற்காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுப்பதைவிட, கை கால் நசுங்கி வந்தவர்களுக்கு வலியை மட்டும் நிறுத்துவதுதான் என் பிரிவாக இருந்தது. நரம்புக்குப் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு குழாயை வைத்து, அதன் வழியே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆள் முழுக்க விழித்திருப்பான், கால் மட்டும் அமைதியாகிவிடும். வலியைத் தீர்க்க உயிரைத் தீர்ப்பதுதான் வழி என்றால் நான் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன்?

"வா, போய்ப் பாப்போம்," என்றேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை நம்பாமல் பார்த்தாள்.

ஈ-ரிக்‌ஷாவில் ஆற்றுக் கரைமேல் ஓடும் புஷ்தா சாலை வரை போய், அங்கிருந்து கரைச் சரிவில் இறங்கி நடந்தோம். வெள்ளம் வடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தும் மண் இன்னும் காலை வாங்கியது. லாயம் என்பது இரும்புத் தூண்கள் நட்டுத் தகரம் வேய்ந்த நீளக் கொட்டகை. கடைசித் தடுப்பில் அது நின்றுகொண்டிருந்தது.

நான் குதிரையை அவ்வளவு அருகில் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் வலியைப் பார்த்திருக்கிறேன். வலது முன்னங்காலை மடித்துத் தூக்கியிருந்தது, குளம்பின் நுனி மட்டும் வைக்கோலைத் தொட்டும் தொடாமலும். அசையாமல் நின்றும் கழுத்தும் விலாவும் வியர்த்திருந்தன. மூக்குத் துளைகள் விரிந்திருந்தன. கண்ணுக்கு மேல் ஒரு சுருக்கம். பேச்சு வராத நோயாளிகளிடம் நான் எதைத் தேடுவேனோ அத்தனையும் அங்கே இருந்தது. சைஸ் அதன் தாடையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மனைவியைப் பார்த்து, "இவங்கள எதுக்குக் கூட்டியாந்த?" என்றார். கோபம் இல்லை. கூச்சம்தான்.

பள்ளியின் சொந்தக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே கால்நடை மருத்துவரும் இருந்தார். ஹிசார் பக்கத்து ஹரியானாக்காரர், நாற்பது வயதிருக்கும். எங்கள் பேச்சு முழுக்க இந்தியில்தான். மருத்துவர் மறைக்காமல் எல்லாம் சொன்னார். குளம்புக்கு மேலே இருக்கும் கணு மூட்டுக்குள் கிருமி போயிருக்கிறது. கழுவிவிட்டார், மருந்து கொடுத்தார், மூட்டு தேறிக்கொண்டு வருகிறது.

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"இடது கால்தான் பிரச்சினை, மேடம்," என்றார் அவர். "வலியால் இந்தக் காலை ஊன்றுவதில்லை. முன்பாரம் முழுக்க இடது குளம்பில் விழுகிறது. குதிரைக் குளம்பு அதைத் தாங்காது. உள்ளே எலும்பைப் பிடித்துவைத்திருக்கும் சதை விட்டுக்கொடுத்துவிடும், எலும்பு கீழே இறங்கும். அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நேற்றிலிருந்து இடது குளம்பில் சூடு தெரிகிறது."

"வலி மருந்து?"

"அதிகபட்ச அளவில் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் கொடுத்தால் வயிற்றில் புண். மார்ஃபின் கொடுத்தால் குடல் நின்றுபோகும், குதிரை அதில் செத்துப்போகும்."

"காலுக்கு மட்டும் கொடுக்கலாமே. நரம்புக்குப் பக்கத்தில் குழாய் வைத்து."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெளிநாட்டில் செய்கிறார்கள். படித்திருக்கிறேன். நான் செய்ததில்லை."

"நான் நிறையச் செய்திருக்கிறேன். குதிரைக்குச் செய்ததில்லை. உங்களுக்குக் குதிரை தெரியும், எனக்குக் குழாய் தெரியும். ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு டாக்டர் கிடைப்பார்."

சொந்தக்காரர் தொண்டையைச் செருமினார். "மேடம், உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் இது மிருகம். வேதனையை இழுத்தடிப்பதுதான் கொடுமை. நாங்கள் ராணுவத்தில் எத்தனையோ குதிரைகளுக்கு அந்தக் கடைசி மரியாதையைச் செய்திருக்கிறோம்."

"வேதனையை நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் மரியாதை செய்யுங்கள்," என்றேன். "நிறுத்திப் பார்க்காமலே செய்தால் அதற்கு வேறு பெயர்."

அவர் முகம் சிவந்தது. மருத்துவர்தான் இடையில் புகுந்து, தான் பொறுப்பேற்பதாகவும், எல்லாம் தன் மேற்பார்வையில்தான் நடக்கும் என்றும் சொன்னார். ஞாயிறு வரை பார்க்கலாம் என்று சொந்தக்காரர் அரை மனதாகத் தலையசைத்தார்.

வீட்டில் என் கணவர் கேட்டதும் சாய்வு நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டார். மத்திய அரசில் இருந்தவர். அனுமதி இல்லாத எதுவும் அவருக்கு ஆகாது.

"உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? மனுச டாக்டரு போயி குதிரைக்கு ஊசி போடுதேங்கியே. அது உதைச்சா எலும்பு மிஞ்சுமா?"

"குதிரை டாக்டரு பக்கத்துல இருக்காரு. அவரு சொல்லச் சொல்லத்தான் செய்யப்போறேன்."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாப்பது வருசமா அந்த நாலு பேரையும் தேடுதேன், ஒருத்தனும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரல."

அன்று பிற்பகலே மெட்ரோ பிடித்துச் சாந்தினி சௌக் போனேன். பகீரத் பேலஸ் சந்துகளில் மருத்துவமனைச் சாமான் விற்கும் கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும். குழாய் இரண்டு, நீளமான ஊசிகள், பிறகு பலூன் பம்ப். அது கைக்கடக்கமான ஒரு பாட்டில். உள்ளே ரப்பர் பலூனில் மருந்தை நிரப்பிவிட்டால் பலூன் தானாகச் சுருங்கிச் சுருங்கி மருந்தை மெதுவாக வெளியே தள்ளும். மின்சாரம் வேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டாம். "எந்த வார்டுக்கு மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். லாயத்துக்கு என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவர் குதிரைக்குக் கழுத்தில் மயக்க ஊசி போட்டார். அது விழவில்லை. தலையை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் பஸ்ஸில் நிற்கும் ஆளைப்போல நின்றது. முட்டிக்குக் கீழே காயம் இல்லாத இடத்தில் முடி மழித்து, மருந்து நீரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். குதிரைக்கு முட்டிக்குக் கீழே தசையே கிடையாது, எலும்பும் நாரும் தோலும்தான் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது. மனிதர்களுக்கு நரம்பை மரக்கச் செய்தால் கால் துவண்டுவிடும் என்ற பயம் எப்போதும் இருக்கும். இங்கே துவள்வதற்கு எதுவும் இல்லை. வலியை எடுத்தாலும் கால் நிற்கும்.

"ஆனால் முழுக்க எடுத்துவிடாதீர்கள்," என்றார் அவர். "வலி துளியும் இல்லை என்றால் கெட்ட காலை உதறி ஓடப் பார்க்கும். மூட்டு போய்விடும்."

மருத்துவர் கொண்டுவந்திருந்த அல்ட்ராசவுண்ட் திரையில் இரத்தக் குழாய் துடித்தது. அதற்குப் பக்கத்தில் தேன்கூட்டுத் துண்டுபோல நரம்பு. மனிதர்களிடம் பார்த்த அதே தோற்றம்தான், இடம்தான் வேறு. நான் வைக்கோல் மேல் மண்டியிட்டேன். என் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தவை. அவை கத்தின, நான் கண்டுகொள்ளவில்லை. முதல் ஊசி தோலுக்குள் போனதும் குதிரை காலை விசுக்கென்று இழுத்தது. ஊசி வளைந்து தெறித்தது. நான் பின்னால் சாய்ந்து தடுப்பில் மோதினேன்.

"போதும் மேடம்," என்றார் கதவருகே நின்ற சொந்தக்காரர்.

"உங்களுக்குப் போதும்னா நீங்க போய் உக்காருங்க," என்றேன் தமிழிலேயே. அவருக்கு அர்த்தம் புரிந்திருக்காது. தொனி புரிந்தது.

சைஸ் குதிரையின் இடது பக்கம் போய், கழுத்தோடு தன் தோளைச் சேர்த்துவைத்து நின்றார். இரண்டாவது தடவை குழாய் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. காலின் மறுபக்கம் இன்னொன்று. தையல் போட்டு, கட்டுக் கட்டி, மிகக் குறைந்த அளவில் மருந்தைச் செலுத்தினேன். பிறகு எல்லோரும் தள்ளிப்போய் நின்றோம்.

ஒன்றும் நடக்கவில்லை. மயக்கம் தெளிந்து தலை உயர்ந்தது. கால் அப்படியே மடிந்திருந்தது. மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்புறம் குளம்பின் நுனி வைக்கோலில் அழுந்தியது. சந்தேகத்தோடு எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு குதிகால் பக்கம் இறங்கியது. முழுக் குளம்பும் தரையில் படிந்தபோது அதன் உடம்பு ஒரு பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டு, தொட்டியில் கிடந்த வாடிய புல்லில் வாயை வைத்தது.

"திங்குது டாக்டரம்மா," என்றார் சைஸ். அவ்வளவுதான் சொன்னார். அன்று அவரும் சாப்பிட்டதாக மறுநாள் மனைவி வந்து சொன்னாள்.

ஞாயிறு வந்தது, போனது. கொல்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. காலையும் மாலையும் போய் பம்ப்பை நிரப்பி, குழாய் போன இடத்தைச் சோதித்து, இடது குளம்பைத் தொட்டுப் பார்ப்பது என் வேலையானது. மருத்துவர் தினமும் வந்து அளவை முடிவு செய்வார். நாங்கள் இருவரும் அளவு பற்றிச் சண்டை போடுவோம். பெரும்பாலும் அவர் சொன்னதே நடந்தது. குதிரை அவருடைய நோயாளி.

அடுக்ககத்தில் செய்தி பரவியது. சங்கச் செயலாளர், நம் ஊர்க்காரர்தான், லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மேடம், ஆஸ்பத்திரியில ஏழைங்க பெட் இல்லாம தரையில கெடக்கறாங்க. நீங்க குதிரைக்கு வைத்தியம் பாக்கறீங்களாமே?"

"அந்தத் தரையில கெடந்தவங்களுக்குப் பக்கத்துல நான் மண்டி போட்டுட்டு இருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றேன். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. நான் இறங்கிப் போனேன்.

இப்படிப்பட்ட கேள்வி எனக்குப் புதிதில்லை. பிரசவ அறையில் வலி குறைக்கும் ஊசியைச் சாதாரணப் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்ட நாட்களில், ஒரு மூத்த டாக்டர், "பெண்கள் கொஞ்சம் கத்தினால்தான் பிள்ளை பிறக்கும்" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வலி யாருக்கு வருகிறதோ அவர்கள் ஏழையாகவோ பெண்ணாகவோ வாயில்லாததாகவோ இருந்தால், அது இயற்கை என்று சொல்வதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது. நான் அன்றும் வாயை மூடவில்லை. இன்று மூடுவதற்குக் காரணமும் இல்லை.

அடுத்த வாரம்தான் சோதனை வந்தது. எங்கள் மருத்துவர் உறவில் ஒரு திருமணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார், மாலையில் திரும்புவதாக ஏற்பாடு. காலையில் நான் போய்ச் சேரும்போது லாயத்தில் சத்தமாக இருந்தது. குதிரை இரவில் கால் கட்டுத் துணியைப் பல்லால் கிழித்து, இரண்டு குழாயையும் பிடுங்கிப் போட்டிருந்தது. மருந்தின் வேகம் தீர்ந்து, வலது கால் மறுபடி அந்தரத்தில். சொந்தக்காரர் இன்னொரு கால்நடை மருத்துவரை வரவழைத்திருந்தார். அந்த ஆள் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"முயற்சி பண்ணிப் பார்த்தாயிற்று, மேடம்," என்றார் சொந்தக்காரர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இடது குளம்பும் போயிருக்கும். போதும்."

"போயிருக்குமா, போய்விட்டதா? எக்ஸ்ரே எடுத்தீர்களா?"

"எக்ஸ்ரே மெஷின் உங்கள் டாக்டரிடம் இருக்கிறது."

"அப்படியானால் அவர் வரட்டும்."

"அதுவரை இது துடிக்க வேண்டுமா?"

"துடிக்காது. இவரிடம் காலை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி மருந்து இருக்கும். நான் சொல்லும் இடத்தில் போடச் சொல்லுங்கள், மாலை வரை தாங்கும்."

புது மருத்துவர் சொந்தக்காரரைப் பார்த்தார். சொந்தக்காரர், "வேண்டாம். முடித்துவிடலாம்," என்றார்.

தடுப்புக்கு ஒரே கதவு. பக்கத்தில் தண்ணீர் வாளி ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டுக் கதவுக்கு நேராக உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் குதிரையின் சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது.

"மேடம், இது என் குதிரை."

"குதிரை உங்களுடையதுதான். அதன் வலி உங்களுடையது இல்லை. எலும்பு இறங்கியிருக்கிறது என்று படத்தில் பார்த்தால் நானே எழுந்து வழி விடுகிறேன். அந்த ஊசியை நிரப்பிக் கையில் கொடுக்கிறேன். பார்க்காமல் விடமாட்டேன்."

"போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்கள். வயசான பொம்பளை வாளியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்."

அப்போது என்ன உணர்ந்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயம்தான். நான் நினைப்பது தவறாக இருந்து, உண்மையிலேயே எலும்பு இறங்கியிருந்தால், இந்தப் பிராணியின் வேதனையை என் பிடிவாதத்துக்காக நீட்டியவள் ஆவேன். கைகளை மடியில் கோத்துவைத்துக்கொண்டேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் நேரே லாயத்துக்கு வந்திருந்தாள். நிலைமையைப் புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. என் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தாள். கணவர், "ஏய், எழுந்துரு, வேல போயிடும்," என்றார்.

"போனா போவட்டும். நீ குதிரயப் புடி," என்றாள்.

சைஸ் சொந்தக்காரரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு தடுப்புக்குள் போய்க் குதிரையின் கழுத்தோடு தோளைச் சேர்த்து நின்றார். புது மருத்துவர்தான் முதலில் இறங்கிவந்தார். பெட்டியை மூடிவிட்டு, "படம் எடுக்காமல் நானும் செய்ய விரும்பவில்லை, சார். அந்த இன்னொரு ஊசியைப் போடுகிறேன்," என்றார். போட்டார். கால் இறங்கியது. சொந்தக்காரர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் மருத்துவர் கல்யாணச் சட்டையோடு வந்து இறங்கினார். எக்ஸ்ரே தட்டைச் சைஸ் இடது குளம்புக்குப் பக்கத்தில் பிடிக்க, படம் மடிக்கணினியில் விரிந்தது. அவர் கோடு போட்டு அளந்தார். பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொந்தக்காரரும் வந்து குனிந்து நின்றார்.

"நகரவில்லை," என்றார் மருத்துவர். "இருந்த இடத்திலேயே இருக்கிறது."

யாரும் கைதட்டவில்லை. சொந்தக்காரர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "குழாயை மறுபடி வையுங்கள்," என்றார். "இந்தத் தடவை கடிக்க முடியாதபடி கட்டுங்கள்." கழுத்தில் மரச்சட்டங்கள் கோத்த ஒரு வளையத்தை அவரே தேடி எடுத்துவந்து மாட்டினார். தலையைத் திருப்பிக் காலைக் கடிக்க முடியாமல் செய்கிற வளையம் அது. ராணுவத்தில் பழகியதாம். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

மூட்டு ஆற இன்னும் பல வாரம் பிடித்தது. அளவைக் குறைத்துக் குறைத்து, ஒருநாள் குழாயை எடுத்தோம். குதிரை நாலு காலிலும் நின்றது. நொண்டல் இருக்கிறது, போகாது. அதன் மேல் இனி யாரும் ஏற முடியாது. புதிதாக வரும் பிள்ளைகள் அதைத் தேய்த்துவிட்டுத்தான் குதிரையைத் தொடப் பழகுகிறார்கள். அதற்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆமாம், அதற்கு இவ்வளவு பாடு.

சொந்தக்காரர் எனக்கு நன்றி சொன்னதில்லை. ஆனால் என் தொலைபேசி எண் அவர் மூலம்தான் பரவியிருக்கிறது. போன மாதம் எங்கள் மருத்துவர் தில்லி எல்லைக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில் இருந்து கூப்பிட்டார். வண்டியிழுக்கும் கோவேறு கழுதை ஒன்று காலை ஊன்றாமல் நிற்கிறதாம். என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து காரை எடுத்தார். "முழங்காலுக்குத் தலையாணி எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சூளை மேற்பார்வையாளர் தூரத்தில் இருந்தே கத்திக்கொண்டு வந்தார். இது கோவேறு கழுதை, பந்தயக் குதிரையில்லை, இதற்குப் போய் ரெண்டு டாக்டரா, ஜல்தி முடியுங்கள், வண்டி கட்ட வேண்டும் என்றார். மருத்துவர் அவருக்குப் பதில் சொல்ல நிமிர்ந்தார். நான் நிமிரவில்லை. செங்கல் தூளில் தலையணையைப் போட்டு மண்டியிட்டு, மழிக்கிற கத்தியைக் கேட்டுக் கையை நீட்டினேன்.